கம்பியைக் கழட்ட வாணாம்

எனக்குக் கோபம் அதிகம். வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் மாடி வீடுகளில் எல்லோருக்கும் இது தெரியும். தண்ணீர் மோட்டர் பழுதானால் கொமிட்டிக்காரர்களோடு சண்டை பிடிக்க என்னைத்தான் முன்னே தள்ளுவார்கள். ஆகவே இதைப் பொறுமையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். இத்தனை வருடம் போன பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் கொழும்பில் ஒரு பௌதிக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் உழைப்பெல்லாம் ஒரே ஒரு சாமானைச் சுற்றியே இருந்தது. பற்றரி இல்லாமல், சுவரில் வயர் சொருகாமல், கைக்கு அடக்கமான ஒரு குழாயிலிருந்து பல்லாயிரம் வோல்ட்டை ஒரே கணத்தில் கக்க வைக்க வேண்டும். கரண்ட் இல்லாத இடத்தில் முறிந்த எலும்பை ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க அது உதவும் என்று நம்பினோம்.

விளங்கவில்லை என்றால் குசினிக்குப் போய் காஸ் லைட்டரை எடுத்துப் பாருங்கள். விசையை அமத்தினால் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் ஒரு பீங்கான் துண்டின் தலையில் அடிக்கிறது. அடி வாங்கிய பீங்கான் பொறியாகக் கத்துகிறது. அவ்வளவுதான் விஷயம். எங்களுடையது அதே கதைதான், ஆனால் சுத்தியலும் பெரிது, பீங்கானும் பெரிது, கத்தலும் பெரிது.

இந்தப் பீங்கானை ஃபெரோஎலெக்ட்ரிக் என்பார்கள். பெயரில் இரும்பு இருக்கிறதே தவிர உள்ளே இரும்பு கிடையாது. சூடான எண்ணெயில் போட்டு, இரண்டு முகத்துக்கும் பெரிய மின்னழுத்தம் கொடுத்தால், உள்ளே ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருந்த துகள்களெல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும். மின்னை எடுத்த பிறகும் அவை திரும்பியபடியே நிற்கும். பார்க்க வெறும் சாம்பல் நிற வில்லை, மேசையில் சும்மா கிடக்கும். ஓங்கி ஒரு அடி விழுந்தாலோ சூடு ஏறினாலோ, பிடித்து வைத்திருந்தது வெளியே பாயும். பாய்கிற சக்தி கொஞ்சம்தான். ஆனால் ஒரு வாளித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றுவதும், ஒரேயடியாக ஒருவன் முகத்தில் வீசுவதும் ஒன்றல்ல. எங்கள் துறையே அந்த வீச்சைப் பற்றியதுதான்.

சுத்தியலையும் குழாயையும் செய்தவர் மாளிகாவத்தைக்காரர். இரத்மலானையில் ஒரு பட்டறையில் இயந்திரப் பொறியியலாளராக இருந்தார். என்னைவிட வயது குறைந்தவர், என்னை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவார், அதிலே ஒரு நக்கலும் இருக்கும். உருக்குக் குழாய்க்குள் அவர் வைத்த சுருள்வில் இழுத்து விட்டால் மேசையே துள்ளும். நோன்பு காலத்தில் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நின்று வேலை செய்துவிட்டு, மாலையில் எனக்கும் சேர்த்து ஒரு போத்தலில் கஞ்சி கொண்டுவந்து தருகிற மனிதர்.

வேலை தொடங்கிய புதிதில், கழுவிய வில்லைகளை அவர் ஜன்னலோரத்தில் வெயிலில் காய வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கையில் எடுத்தார். வெடுக்கென்று ஒரு சத்தம். ஆள் பின்னால் போய் இரும்பு அலுமாரியில் மோதி, நெற்றி கிழிந்து, போட்டிருந்த சேட்டெல்லாம் இரத்தம். வெயில் சூட்டிலேயே அந்த வில்லை ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது. அதற்குப் பிறகு எங்களிடம் ஒரு சட்டம் வந்தது. வேலையில் இல்லாத எந்த வில்லைக்கும் இரு முகத்தையும் சேர்த்து ஒரு செப்புக் கம்பி கட்டியிருக்க வேண்டும். கம்பி இருக்கும்வரை மின் ஏறாது, ஏற ஏற வடிந்துவிடும். அதற்கு அவர் ‘வாய்ப்பூட்டு’ என்று பெயர் வைத்தார். அதை யாராவது தொடப் போனால் தூரத்தில் நின்றே கத்துவார்.

“கம்பியக் கழட்ட வாணாம்!”

கூட்டுகிறவர், காவலாளி, பெரிய பேராசிரியர், யாராக இருந்தாலும் இதே கத்தல்தான். அவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரிப் பழகிவிட்டது.

பிறகு அந்த ஏப்ரல் வந்தது. தேவாலயங்களில் பூசை நேரத்தில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறைப் பற்றி நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. என் தாய்வீடு கொட்டாஞ்சேனையில். எங்கள் ஒழுங்கையில் தெரு நெடுகத் துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்டாத வாசல் இருக்கவில்லை. நான் அம்மாவோடு இருக்கத் தாய்வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அவனோடு சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்த கூட்டாளி அந்தப் பூசைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. பெட்டியைத் தூக்கியவர்களில் அண்ணனும் ஒருவன். வீட்டுக்கு வந்து தோளைக் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே நின்றான். அதன் பிறகு அவன் சரியாகச் சாப்பிடவுமில்லை, கதைக்கவுமில்லை.

ஒழுங்கை முகப்பில் பெடியன்கள் உட்கார ஒரு மர வாங்கைப் போட்டுக்கொண்டு, வருகிற போகிறவர்களின் பைகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த நாட்களில் ஒரு பொலித்தீன் பை காற்றில் உருண்டாலும் நானே தெருவின் மற்றப் பக்கத்துக்குக் கடந்து போனேன்.

குழாய் செய்த நண்பர் போன் எடுத்தார். ஆய்வுகூடம் பூட்டு. குண்டு வைத்தவர்களும் அவரைப் போல முஸ்லிம்கள் என்று தெரிந்ததும் பட்டறை முதலாளி, ‘கொஞ்ச நாளைக்கு நீங்க வராமல் இருந்தால் நல்லம்’ என்று சொல்லிவிட்டாராம். சுருள்வில்லைச் சரிபார்க்கக் கொண்டுபோன எங்கள் கருவி அவர் வீட்டில் கிடந்தது.

“மிஸ், எங்கட பக்கம் வீடு வீடாச் செக் பண்றாங்க. கறிவெட்டுற கத்திக்கே கேள்வி கேக்கிறாங்க. குழாயும் வயருமா இத எங்கட வீட்டில வச்சிக்க ஏலாது. எவ்வளவு விளங்கப்படுத்தினாலும் ஆரு நம்புவாங்க?”

“இங்க கொண்டு வாங்க. எங்கட வீட்ட ஆரும் கேக்க மாட்டாங்க.”

அன்று காலையே அண்ணனிடம் சொன்னேன், என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் லேப் சாமான் ஒன்று கொண்டு வருவார் என்று. அவன் “ம்” என்றான். அவன் காதில் அது ஏறியது என்பதற்கு ஆதாரம் பிறகு கிடைத்தது.

பின்னேரம், நல்ல வெயில். கருவியை ரைஸ் குக்கர் பெட்டியொன்றில் வைத்து, மடியில் பிடித்துக்கொண்டு அவர் திரீவீலில் வந்திருக்கிறார். வாங்கில் இருந்தவர்கள் மறித்தார்கள். பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே உருக்குக் குழாய், அதன் ஒரு முனையில் அடுக்கிய வில்லைகள், இரண்டு பித்தளை முனைகள், அவற்றைச் சேர்த்துக் கட்டிய செப்புக் கம்பி. முதலில் ஓடினவன் திரீவீல்காரன். ஒருவன் அந்தக் கம்பியில் விரலை வைத்தான். நண்பர் என்ன செய்திருப்பார் என்று சொல்ல வேண்டுமா?

“கம்பியக் கழட்ட வாணாம்! கம்பியக் கழட்ட வாணாம்!”

எனக்கு வீட்டு வாசலில் நிற்கும்போதே அந்தக் குரல் கேட்டது. வேறெந்த ஊரில், வேறெந்த மாதத்தில் அதைக் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பேன். யாரோ ஒருவன் மின் சொக் அடித்துக் கை சுட்டுக்கொள்ளப் போகிறானே என்ற பதற்றத்தில், தன்னை மறித்தவனைக் காப்பாற்றத்தான் அந்த மனிதன் கத்தினான். அவர்கள் காதில் அது வேறாக விழுந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

நான் ஓடிப் போவதற்குள் பெட்டி தெருவில் எறியப்பட்டுக் கிடந்தது. எறிந்த வேகத்தில் கம்பி அறுந்து, ஒரு முனையில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கருவியைச் சுற்றி ஒருவரும் இல்லை. எல்லோரும் இந்தப் பக்கம், அவரைச் சுற்றி. முழங்காலில் உட்கார வைத்து, தலைமயிரைப் பிடித்து, கையில் அகப்பட்டதால் அடித்தார்கள். ஹெல்மட்டால் ஒருவன் அடித்தான். செருப்பால் ஒரு பெண் அடித்தாள். அவளை எனக்குத் தெரியும், முதல் நற்கருணைக்கு என் தலையில் பூமுடி வைத்தவள்.

அடியோடு கேள்வியும் நடந்தது. அதுதான் கொடுமை.

“எப்பிடி நிப்பாட்டுறது? சொல்லு! எப்பிடி நிப்பாட்டுறது?”

வாயெல்லாம் இரத்தமாக அவர் சரியான பதிலைத்தான் சொன்னார்.

“கம்பியத் திருப்பிக் கட்டுங்க... ரெண்டு பக்கத்தையும் சேத்துக் கட்டுங்க...”

“கட்டினா வெடிக்கும்! எங்களையும் சாக்காட்டப் பாக்கிறான்!”

மறுபடியும் அடி. உண்மையைச் சொல்லச் சொல்ல அடி கூடியது. நான் நடுவே புகுந்து ஒருவன் கையைக் கடித்தேன். என் தோளில் ஒரு தடி விழுந்தது. அது குண்டு இல்லை, குசினியில் இருக்கிற லைட்டர் மாதிரி ஒரு சாமான் என்று கத்தினேன். “பத்த வைக்கிற சாமான் எண்டு அவளே சொல்லுறா!” என்று யாரோ ஒருவன் கத்தினான். அப்போது எனக்கு விளங்கியது, என் படிப்பு, என் பேச்சு, இந்த ஒழுங்கையில் நான் பிறந்து வளர்ந்தது, ஒன்றும் எடுபடாது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அந்த மனிதன் செத்துவிடுவான்.

செய்யக்கூடியது ஒன்றுதான். அது வெடிக்காது என்பதைக் கண்ணுக்கு முன்னால் காட்ட வேண்டும்.

ஆனால் கருவி தாரில் வெயிலில் கிடக்கிறது. வாய்ப்பூட்டும் அறுந்துவிட்டது. வில்லைகள் சூடேறி மின்னை நிரப்பிக்கொண்டிருக்கின்றன. கம்பியைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் நல்ல வெள்ளைப் பொறியோடு பட்டென்று ஒரு வெடிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் அவர் கதை அந்த நிமிடத்தோடு முடிந்துவிடும். சத்தம் அதிகம் வராமல் அதை வெறுமையாக்க ஒரே வழி, கையால் தொடுவது. சத்தமெல்லாம் எனக்குள் போய்விடும்.

நான் வீரம் காட்டினேன் என்று நினைக்க வேண்டாம். அந்த அளவு மின் ஆளைக் கொல்லாது என்று கணக்கு எனக்குத் தெரியும். கணக்கு தெரிந்தால் நோவு குறையாது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, உயர் மின்னழுத்தத்தைத் தொட நேர்ந்தால் மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிவிடுவது, நெஞ்சுக்குள்ளால் மின் ஓடக்கூடாது என்பதற்காக. இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவில் குந்தினேன். வலது கையை விரித்துப் பெருவிரலை ஒரு பித்தளை முனைக்கும் சின்ன விரலை மற்ற முனைக்கும் கொண்டுபோனேன். “கத்தாதே, கத்தாதே” என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

டக். லைட்டர் சத்தம் அளவுதான். என் கை தானாகவே மேலே எகிறி என் வாயில் அடித்தது. முழங்கைவரை எலும்பைப் பிளந்து ஆணி இறக்கிய மாதிரி. நாக்கைக் கடித்துவிட்டேன், இரத்தத்தை விழுங்கினேன். கத்தவில்லை. என் வாழ்க்கையில் நான் கத்தாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். விரல்கள் சொன்னபடி கேட்காமல் நடுங்க நடுங்க, தொங்கிய கம்பியை மற்ற முனையில் சுற்றினேன். கருவியைத் தூக்கிக் குழந்தையை வைத்திருப்பதுபோல நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்து நடந்தேன்.

கூட்டம் பின்வாங்கியது. சிலர் ஓடினார்கள். அண்ணன் மட்டும் நகரவில்லை. அவன் அங்கே எப்போது வந்தான் என்று எனக்குத் தெரியாது. சேட்டுக் கையில் இரத்தம் இருந்தது.

“பிடி” என்றேன்.

“அத வை கீழ.”

“பிடிச்சுப் பார். நான் சொன்ன லேப் சாமான் இதுதான். உன்ர தங்கச்சி சொல்லுறன், பிடி.”

அவன் வாங்கினான். கையில் வைத்துத் திருப்பினான். குழாயைத் தட்டினான், காதில் வைத்துக் கேட்டான், வில்லைகளின் மேல் விரலை ஓட்டினான். கிரேன் ஓட்டுகிறவனுக்குச் சுருள்வில் தெரியும், சுத்தியல் தெரியும். வெடிமருந்து வைக்க அதற்குள் இடம் கிடையாது என்பது அவனுக்கு விளங்கியதை நான் அவன் முகத்தில் பார்த்தேன். தோள் தளர்ந்தது. அப்பாடா என்று எனக்குள் ஒரு மூச்சு வந்தது.

“குண்டில்ல” என்றான், எல்லோருக்கும் கேட்க.

செருப்பால் அடித்த பெண் மதில் ஓரத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். ஹெல்மட்காரன் ஹெல்மட்டைக் கீழே வைத்தான். நண்பர் ஒரு கையை ஊன்றி எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. அண்ணன் கருவியை மெதுவாக, பக்குவமாக வாங்கின் மேல் வைத்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“வாறவன் ஆரெண்டு நீ சொல்லேல்லையே” என்றான்.

பிறகு நாலு எட்டு நடந்து போய், எழும்பிக்கொண்டிருந்தவரின் தலைப்பக்கம் சப்பாத்துக் காலால் ஓங்கி உதைத்தான். உருக்கு முனை வைத்த துறைமுகச் சப்பாத்து. காதுப்பக்கம் விழுந்தது. ஈர விறகு முறிகிற சத்தம் கேட்டது. அவர் கத்தவில்லை, அப்படியே சரிந்தார். ஒருவரும் அண்ணனைப் பிடிக்கவில்லை. நான் பிடித்தேன். முகத்தைப் பிறாண்டினேன், காலைக் கட்டிப்பிடித்தேன், என்னையும் இழுத்துக்கொண்டு இன்னொரு முறை உதைத்தான். ஹெல்மட்காரன்தான் பிறகு வந்து அவனைத் தள்ளினான். தான் அடித்த ஆளை அவனே தூக்கி என்னோடு ஒரு வான் வண்டியில் ஏற்றினான். வழி நெடுக மன்னிப்புக் கேட்டு “சொறி, சொறி” என்று சொல்லிக்கொண்டு வந்தான், அதைக் கேட்க அந்த மனிதனுக்கு நினைவு இருக்கவில்லை.

அவர் பிழைத்தார். வலது காது போய்விட்டது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் பல வாரம் பேச முடியவில்லை. அவருடைய உம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலோரத்தில் எனக்கும் ஒரு கதிரை இழுத்துப் போட்டார். என் தோள் வீக்கத்தைப் பார்த்து, “புள்ளைக்கும் அடிச்சிட்டாங்களே” என்று எண்ணெய் தடவிவிட்டார். அந்தக் கையைத் தட்டிவிட்டு ஓட வேண்டும் போலிருந்தது. இருந்து அழுதேன்.

பொலிசிடம் நான் வாக்குமூலம் கொடுத்தேன். யார் கடைசியாக அடித்தது, எந்தக் காலால், எத்தனை தரம், எல்லாம் சொன்னேன். அண்ணனைக் கொண்டுபோனார்கள், பிறகு பிணையில் விட்டார்கள், வழக்கு இழுபட்டுக்கொண்டு கிடக்கிறது. ஒழுங்கையில் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை இங்கே எழுத மாட்டேன், அவ்வளவு மரியாதை அதற்குக் கொடுக்க மனமில்லை.

நான் இப்போதும் அதே வில்லைகளோடுதான் வேலை செய்கிறேன். ஒரே பக்கம் திரும்பி நின்ற துகள்களையும் அந்தப் பின்னேரத்துத் தெருவையும் சேர்த்துச் சிலர் என்னிடம் உவமை சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. வில்லைக்கு அடி விழுந்தால் வேறு வழியில்லை, பாயத்தான் வேண்டும். அண்ணனுக்கு வழி இருந்தது.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். போன நத்தார்ப் பண்டிகைக்கு அம்மா போன் எடுத்தா, வழக்கை விட்டுக்கொடுக்கச் சொல்லி. கூட்டாளியைப் பறிகொடுத்தவன், பெட்டி தூக்கியவன், பித்துப் பிடித்தவன் மாதிரி இருந்தவன், பயத்தில் கை நீட்டிவிட்டான் என்று அழுதா. சவத்தைத் தூக்கிய தோளை அவன் கழுவிக்கொண்டே நின்றதை நானும் பார்த்தவள். அவன் துக்கம் பொய்யில்லை. இன்றைக்கும் எனக்கு அவன் அண்ணன்தான், அதனால்தான் இந்த வலி விட்டுத் தொலைக்க மாட்டேன் என்கிறது.

“பயத்தில அடிச்சவங்கள் கனபேர், அம்மா” என்றேன். “அவங்களை நான் மன்னிச்சிட்டன். பேரும் குடுக்கேல்ல.”

“அப்ப உன்ர அண்ணனை மட்டும் ஏனடி?”

“அவன் கையில பிடிச்சுப் பாத்துட்டுத்தானே அம்மா அடிச்சவன்.”